வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு லேசர் சைட்: எதை வாங்குவது, எப்படிப் பொருத்துவது?

சுகர்லேண்ட்வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வயது 61. டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் வந்து 24 வருடமாகிறது, குடியுரிமையும் வாங்கியாயிற்று. வீட்டில் இரண்டு கைத்துப்பாக்கிகள் இருக்கின்றன. என்னுடையது ஸ்மித் அண்ட் வெசன் 642, ஐந்து தோட்டா போடும் .38 ஸ்பெஷல் ரிவால்வர். மனைவியுடையது கிளாக் 19 பிஸ்டல். மாதம் ஒரு முறை இருவரும் ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்விடுவோம்.

இப்போது சிக்கல் கண்ணில். வெள்ளெழுத்து வந்து பல வருடமாகிவிட்டது. கண்ணாடி இல்லாமல் பார்த்தால் டார்கெட் தெளிவாகத் தெரிகிறது, முன் சைட் (குழல் நுனியில் குறி பார்க்கும் முனை) மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் போல நிற்கிறது. படிக்கும் கண்ணாடியைப் போட்டால் முன் சைட் கூர்மையாகிவிடுகிறது, டார்கெட் காணாமல் போகிறது. 642-இல் முன் சைட்டைக் கழற்றி வேறு போடவும் வழியில்லை, உடலோடு சேர்த்தே செதுக்கியிருக்கிறார்கள். போன மாதம் 10 கெஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. ஐந்து வருடம் முன்பு உள்ளங்கையால் மூடிவிடலாம்.

லேசர் போடலாம் என்று நினைக்கிறேன். கடையில் போய் நின்றால் பிடியில் வருவது, குழலுக்கு அடியில் மாட்டுவது, உள்ளே ஸ்பிரிங் கம்பிக்குப் பதிலாகப் போடுவது, சிவப்பு, பச்சை என்று குழப்புகிறார்கள். பொருத்திப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

டாலஸ்_அக்கா

அண்ணா, வாங்குவதற்கு முன் ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) யோசியுங்கள். நான் யோசிக்கவில்லை. என் பிஸ்டலுக்குக் குழலடி ரெயிலில் (துணைக் கருவி மாட்டும் தடத்தில்) மாட்டும் லேசர் ஒன்று வாங்கினேன். அழகாக உட்கார்ந்தது. அப்புறம் பார்த்தால் இருந்த ஹோல்ஸ்டர் எதிலும் துப்பாக்கி இறங்கவில்லை. அந்த லேசருக்கென்றே வார்த்த புது ஹோல்ஸ்டர் கிடைக்க ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை லேசர் மேசை டிராயரில் கிடந்தது.

642-க்கு ரெயிலே கிடையாது, அதனால் உங்களுக்குப் பிடி லேசர்தான் சரி. பிடியில் வருவது பெரும்பாலான பழைய ஹோல்ஸ்டர்களில் அப்படியே போகும். வாங்கும்போது துப்பாக்கியின் அடிப்பிடி உருண்டை வடிவமா சதுர வடிவமா என்று பார்த்து வாங்குங்கள். இப்போது வரும் ஜே-ஃபிரேம் (642 போன்ற சிறிய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வர்கள்) எல்லாம் உருண்டை. பழையவற்றில் சதுரமும் உண்டு, ஒன்றுக்கு வாங்கியது இன்னொன்றில் உட்காராது.

ஆஸ்டின்_பயிற்சி

நல்ல கேள்வி சார். வார இறுதியில் வகுப்பு எடுக்கிறேன், ஐம்பது வயது தாண்டிய மாணவர்கள் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வழக்கமான சைட்டில் பின் சைட், முன் சைட், டார்கெட் என்று மூன்று தூரத்தில் மூன்று பொருள். இளம் கண்ணாலும் ஒரே நேரத்தில் மூன்றையும் கூர்மையாகப் பார்க்க முடியாது, ஆனால் முன் சைட்டுக்குச் சட்டென்று குவிய முடியும். வெள்ளெழுத்து வந்தால் அந்தக் குவியும் சக்தி போய்விடுகிறது. லேசர் புள்ளி டார்கெட் மேலேயே விழுவதால் நீங்கள் பார்க்க வேண்டியது ஒரே தூரத்தை. உங்கள் வயதில் லேசரின் உண்மையான பயன் இதுதான்.

பிடி லேசரில் நடுவிரல் படும் இடத்தில் ஒரு அழுத்தும் பொத்தான் இருக்கும். துப்பாக்கியை இயல்பாக இறுக்கிப் பிடித்தாலே எரியும், தனியாக எதையும் தேட வேண்டாம். கிளாக்குக்கு ரெயிலில் மாட்டுவது வேறு மாதிரி: டிரிகர் கார்டுக்கு (டிரிகரைச் சுற்றிய வளையத்துக்கு) முன்னால் சுவிட்ச் இருக்கும், அதை விரலால் தட்ட வேண்டும். அந்த வேலையை டிரிகர் விரலுக்குக் கொடுக்காதீர்கள். பதற்றத்தில் சுவிட்சைத் தேடும் விரல் டிரிகருக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. இரண்டு கைப் பிடியில் துணைக் கையின் கட்டைவிரலால் தட்டப் பழக வேண்டும்.

ஸ்பிரிங் கம்பிக்குப் பதிலாக உள்ளே போகும் வகையில் வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, ஹோல்ஸ்டர் தொல்லையும் இல்லை. ஆனால் அது பிஸ்டலின் இயக்கத்தில் பங்குபெறும் பாகம். மாற்றிய பிறகு ஓரிரு நூறு தோட்டாவாவது சுட்டு, சிக்காமல் ஓடுகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. ரிவால்வருக்கு அந்த வகையே கிடையாது.

குளிர்மிச்சிகன்

நிறம் பற்றிச் சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் அலைநீளப் பச்சையை. 532 நானோமீட்டர் பச்சை லேசர் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. மலிவான சிவப்பு லேசர் 650-இல் இருக்கும். இரண்டும் ஒரே 5 மில்லிவாட் என்றாலும் பச்சை கண்ணுக்கு ஏறத்தாழ எட்டு மடங்கு பிரகாசம். சிவப்பிலேயே 635 என்று போட்டிருப்பதை எடுத்தால் 650-ஐ விட இரண்டு மடங்கு தெரியும். பெட்டியில் அந்த எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பச்சைக்குக் குறையும் உண்டு. 532 என்பது நேராகப் பிறக்கும் பச்சை அல்ல. 808 நானோமீட்டர் டயோடு ஒரு படிகத்தைத் தூண்டி 1064 அகச்சிவப்பை உண்டாக்குகிறது, அதை இன்னொரு படிகம் பாதியாக்கி 532 ஆக்குகிறது. இந்தச் சங்கிலி குளிரில் தடுமாறும். ஜனவரியில் இங்கே மிச்சிகனில் காரில் வைத்திருந்த என் பழைய பச்சை லேசர் மங்கிப்போய், சில நொடிகள் எரியவே இல்லை. இப்போது 520 அருகே நேரடியாகப் பச்சை உமிழும் டயோடுகள் வந்துவிட்டன, அவை குளிரை நன்றாகவே தாங்குகின்றன. ஹூஸ்டன் வெயிலுக்கு உங்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் பச்சை பொதுவாக பேட்டரியை அதிகம் தின்னும்.

சிவப்பு மங்கலாகத் தெரியும் வகை நிறக்குறை உள்ளவர்களுக்குப் பச்சையைத் தவிர வேறு வழி இல்லை. என் மைத்துனருக்கு அப்படித்தான். சிவப்புப் புள்ளி சுவரில் இருக்கிறது என்று நான் சொல்ல, அவர் எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

கோவை_10மீட்டர்

நான் கோவையில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுபவன். எங்கள் போட்டியில் ஐ.எஸ்.எஸ்.எஃப். (சர்வதேசத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) விதிப்படி திறந்த சைட் மட்டுமே. லேசர், தொலைநோக்கி எதுவும் துப்பாக்கியில் கூடாது. மனு பாக்கர் 2024 பாரிஸில் வெண்கலம் வாங்கியதும் அந்தத் திறந்த சைட்டோடுதான். அதனால் லேசர் பற்றி எனக்கு அனுபவம் இல்லை, ஆனால் வெள்ளெழுத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை.

எங்கள் மூத்த வீரர்கள் கண் மருத்துவரிடம் போய், தூரப்பார்வை பவரோடு +0.50 அல்லது +0.75 மட்டும் கூட்டி, சுடும் கண்ணுக்கு ஒரு லென்ஸ் செய்துகொள்வார்கள். முழுப் படிக்கும் பவர் அல்ல. முன் சைட் கூர்மையாகிவிடும், டார்கெட் சற்றே மங்கும், அவ்வளவுதான். ஐயா லேசர் வாங்குவதற்கு முன் இதையும் ஒரு முறை பார்த்துவிடலாமே? சைட்டை விட்டே விலகிப் போவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. பேட்டரி தீர்ந்த அன்று என்ன செய்வீர்கள்?

சுகர்லேண்ட்வாசி

தம்பி, இந்த +0.75 விஷயம் இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நிச்சயம் கேட்கிறேன். ரேஞ்சில் அது எனக்கு உதவும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்தால் அந்தத் தனிக் கண்ணாடியைத் தேடிப் போடும் நிலையில் இருக்க மாட்டேன். அதனால்தான் லேசர் பக்கம் மனம் போகிறது.

ஆஸ்டின்_பயிற்சி

கோவைத் தம்பி சொல்வது சரி. லேசர் போட்டவர்கள் சைட்டை மறக்கக் கூடாது. என் வகுப்பில் பாதித் தோட்டாவை லேசரை அணைத்துவிட்டுத்தான் சுட வைக்கிறேன். நண்பகல் வெயிலில் சிவப்புப் புள்ளி சில கெஜத்துக்கு மேல் தெரியாது, அப்போது கையில் இருப்பது சைட் மட்டும்.

டாலஸ்_அக்கா

அண்ணா இரவு இரண்டு மணி என்றதால் இதைச் சொல்லியாக வேண்டும். லேசர் எங்கே படும் என்று காட்டும். அங்கே நிற்பது யார் என்று காட்டாது. என் மகன் கல்லூரியிலிருந்து சொல்லாமல் ஒரு நாள் நள்ளிரவில் வந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்தான். நான் முதலில் கையில் எடுத்தது டார்ச். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் படுக்கைப் பக்கத்து மேசையில் டார்ச் இல்லாமல் துப்பாக்கி இருப்பதில்லை. கிளாக் 19-இல் ரெயில் இருப்பதால் விளக்கும் லேசரும் சேர்ந்த ஒன்றை மாட்டலாம். ஆனால் அந்த விளக்கால் ஆளைத் தேடினால் குழலும் ஆள் பக்கம் திரும்பும். அதனால் கையில் தனி டார்ச்சும் வேண்டும்.

புதுவரவு22

மன்னிக்கவும், கொஞ்சம் விலகிய கேள்வி. நான் எச்-1பி விசாவில் போன வருடம் வந்தேன். அலுவலக நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் அவர் துப்பாக்கியில் லேசர் எப்படி இருக்கிறது என்று சுட்டுப் பார்க்கலாமா?

ஆஸ்டின்_பயிற்சி

தம்பி, கேட்டது நல்லது. அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி, எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ரேஞ்சில் வாங்கிச் சுடுவதும் கையில் வைத்திருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. இது நண்பர் சம்மதித்தால் தீரும் விஷயம் இல்லை, உங்கள் விசாவையும் எதிர்காலத்தையும் தொடும் விஷயம். குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் போகாதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

புதுவரவு22

நல்ல வேளை கேட்டேன். மிக்க நன்றி.

திருகாணி

இயந்திரப் பொறியாளன் என்ற முறையில் பொருத்துவது, சரிபார்ப்பது இரண்டையும் எழுதுகிறேன். நானே 642, கிளாக் இரண்டிலும் செய்திருக்கிறேன்.

முதலில் துப்பாக்கியைக் காலி செய்யுங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து ஐந்து அறையையும் கண்ணால் பார்த்து, விரலால் தடவிப் பாருங்கள். பிஸ்டல் என்றால் மேகசினை (தோட்டாப் பெட்டியை) எடுத்த பிறகு சிலைடை (மேலே பின்னால் நகரும் பாகத்தை) இழுத்து அறையைப் பாருங்கள், மேகசின் மட்டும் எடுத்தால் போதாது. தோட்டாவை எல்லாம் வீட்டின் வேறு அறையில் வையுங்கள். திருப்புளி எடுப்பது அதற்கப்புறம்தான்.

642-இல் பழைய பிடி ஒரே ஒரு திருகில் நிற்கிறது. அதைக் கழற்றிய பின் பிடி ஒட்டிக்கொண்டிருந்தால் திருப்புளியால் நெம்பாதீர்கள், துப்பாக்கியின் உடற்சட்டத்தில் கீறல் விழும். திருகைப் பாதி மட்டும் தளர்த்தி அதன் தலையில் மெதுவாகத் தட்டினால் எதிர்ப்பக்கப் பிடி தானே கிளம்பும். கீழே ஒரு சிறிய முள் சட்டத்திலிருந்து நீட்டியிருக்கும், புதுப் பிடியின் குழி அதில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் திருகை முறுக்கினால் பிடி விரிசல் விடும். கைப்பிடி இறுக்கம் வந்ததும் நிறுத்துங்கள்.

பிளாஸ்டிக் பாகத்தில் திருகைப் பூட்டும் திரவப் பசையைப் போடாதீர்கள். உலோகத்துக்கு அருமையானது, சில வகைப் பிளாஸ்டிக்கை அது மயிரிழை வெடிப்பு விட வைத்துவிடும். திருகு தளர்கிறதா என்று கண்டுபிடிக்க நகப்பூச்சு போதும்: திருகின் தலையிலிருந்து பக்கத்து உடல்வரை ஒரு மெல்லிய கோடு. கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

இனி ஜீரோ செய்வது, அதாவது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் படுமாறு சரிசெய்வது. லேசர் குழலுக்குள் இல்லை, கீழேயோ பக்கத்திலோ இருக்கிறது. குண்டு போகும் பாதையும் ஒளி போகும் கோடும் ஒரே ஒரு தூரத்தில்தான் சந்திக்கும். கிளாக்கில் லேசர் குழலுக்கு 1.5 அங்குலம் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 15 கெஜத்தில் இரண்டையும் சேர்த்தால், 10 கெஜத்தில் குண்டு புள்ளிக்கு அரை அங்குலம் மேலே படும். 5 கெஜத்தில் ஒரு அங்குலம் மேலே. 25 கெஜத்தில் தலைகீழாகி, ஒரு அங்குலத்துக்கும் சற்று அதிகமாகக் கீழே படும். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் இந்தத் தூரத்துக்குள்தான், அங்குலக் கணக்கு என்பதால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரியாமல் 3 கெஜத்தில் ஜீரோ செய்தவர் 15 கெஜத்தில் ஆறு அங்குலம் தவறவிடுவார். கடைக்காரர் மேசையில் வைத்தே "ஜீரோ செய்துவிட்டேன்" என்று கொடுத்தால் நம்ப வேண்டாம்.

பிடி லேசர் குழலுக்குக் கீழே மட்டுமல்ல, வலப்பக்கமாகவும் தள்ளி இருக்கும். சந்திக்கும் தூரத்துக்கு முன்னால் குண்டு புள்ளிக்கு இடப்பக்கம் படும், தாண்டினால் வலப்பக்கம். 642-க்கு 10 கெஜம் போதும்.

செய்முறை: மணல் பை மேல் கையை ஊன்றிப் புள்ளியை நடுவில் வைத்து ஐந்து குண்டு. ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள், ஐந்தின் நடுவைப் பாருங்கள். காலி செய்துவிட்டு, புள்ளி மீண்டும் அதே நடுவில் நிற்குமாறு துப்பாக்கியை அசையாமல் ஊன்றி, கூட வரும் சின்ன ஆலன் கீயால் புள்ளியைக் குண்டுகள் பட்ட இடத்துக்கு நகர்த்துங்கள். ரைஃபிள் ஸ்கோப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். ஸ்கோப்பில் குண்டை நடுவுக்கு இழுப்பதாக நினைத்துத் திருகுகிறோம். லேசரில் குண்டு பட்ட இடத்துக்குப் புள்ளி போக வேண்டும். குண்டு இடப்பக்கம் பட்டால் புள்ளியும் இடப்பக்கம். திருகு முட்டிய பிறகும் முறுக்கினால் உள்ளே உடையும்.

தினமும் போட்டு வைக்கும் தோட்டாவாலேயே ஜீரோ செய்யுங்கள். குட்டை ரிவால்வரில் 158 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு 110 கிரெய்னை விட மேலே படும். கனமான குண்டு குழலை விட்டு வெளியேறத் தாமதமாகிறது, அதற்குள் பின்னுதைப்பில் குழல் கூடுதலாக எழும்பிவிடுகிறது.

இன்னொன்று: தோட்டா வடிவத்தில் அறைக்குள் போடும் லேசர் விற்கிறார்கள். அது சைட்டைத் தோராயமாகச் சரிபார்க்க மட்டும். அதை எடுக்காமல் யாரும் சுட்டுவிடக் கூடாது.

குளிர்மிச்சிகன்

திருகாணி அண்ணா, இதை அச்சடித்துத் துப்பாக்கிப் பெட்டியில் ஒட்டப் போகிறேன்.

ரெட் டாட் பற்றி யாரும் பேசவில்லையே? சிலைடு மேலே உட்காரும் கண்ணாடிச் சில்லு, உள்ளே மட்டும் சிவப்புப் புள்ளி தெரியும். எதிரே ஒளி போகாது. வெள்ளெழுத்துக்கு அதுவும் நல்லது, புள்ளி தூரத்தில் இருப்பது போலவே கண்ணுக்குப் படும்.

ஆஸ்டின்_பயிற்சி

கிளாக்குக்கு அதுதான் என் முதல் தேர்வு, சிலைடு அதற்கென்று வெட்டப்பட்டிருந்தால். 642-க்கு எளிதில் முடியாது. சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்கு ரெட் டாட் வட்டமாகத் தெரியாமல் நட்சத்திரம் போலவோ கால்புள்ளி போலவோ விரியும். வாங்கும் முன் நண்பருடையதில் பார்த்துவிடுங்கள்.

சுகர்லேண்ட்வாசி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் தலைவணங்கி நன்றி.

642-க்குச் சிவப்புப் பிடி லேசர், 635 நானோமீட்டர் போட்டது வாங்கினேன். பொருத்த கால் மணி நேரம் ஆனது. அந்த முள் குழியில் உட்காராமல் ஒரு நிமிடம் தடுமாறினேன், திருகாணி எழுதியதைப் படித்திருந்ததால் முறுக்காமல் நிறுத்தினேன்.

வீட்டில் போலித் தோட்டா போட்டு, கண்ணாடி, டிவி எதுவும் எதிரே இல்லாத செங்கல் சுவரைப் பார்த்துப் பழகினேன். முதல் நாள் எனக்கு அதிர்ச்சி. டிரிகரை இழுத்து முடிக்கும் கடைசி நொடியில் புள்ளி கீழே இடப்பக்கமாக ஒரு கை அகலம் குதித்தது. இத்தனை வருடம் கண்ணைக் குறை சொன்னேனே, பாதிக் குற்றம் என் விரலில் இருந்திருக்கிறது. பத்து நாள் தினமும் ஐம்பது முறை இழுத்தேன். இப்போது அந்தக் குதிப்பு இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது.

ஒரு சந்தேகமும் உண்டு. விரலை டிரிகருக்கு வெளியே நீட்டி வைத்தால் என் விரல் லேசரை மறைத்துவிடுகிறது. இது குறையா?

டாலஸ்_அக்கா

இல்லை அண்ணா, அது அப்படியே இருக்கட்டும். விரல் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் மேல் நீட்டியிருக்கும்வரை புள்ளி தெரியாது, சுட முடிவெடுத்து விரல் இறங்கும்போதுதான் தெரியும். அதைத் தவிர்க்க விரலைக் கீழே இறக்கி வைக்கப் பழகிவிடாதீர்கள்.

ஆஸ்டின்_பயிற்சி

விரல் கண்டுபிடிப்புக்கு வாழ்த்துகள் சார். ஒரு எச்சரிக்கை மட்டும். புள்ளி எப்போதும் நடுங்கும், மனிதக் கை அப்படித்தான். அது நிற்கும் என்று காத்திருந்து, நடுவைக் கடக்கும் நொடியில் டிரிகரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நடுங்கட்டும். நடுக்கத்தினூடே ஒரே சீராக இழுங்கள்.

சுகர்லேண்ட்வாசி

அதையேதான் முதல் இருபது தோட்டாவில் செய்தேன் போலிருக்கிறது. டார்கெட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், எல்லாம் கீழே இடப்பக்கம். அதற்கடுத்த முப்பதும் 10 கெஜத்தில் உள்ளங்கை அளவுக்குள் இருக்கின்றன. கோவைத் தம்பிக்கு: கண் மருத்துவரைப் பார்த்தேன், +0.75 லென்ஸ் அடுத்த வாரம் வருகிறது. லேசரை அணைத்து அதோடு சுட்டு எண்ணிக்கை எழுதுகிறேன்.

மனைவியின் கிளாக்குக்கு விளக்கோடு சேர்ந்த பச்சை பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஹோல்ஸ்டர் கிடைக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு. பேட்டரி வருடா வருடம் தீபாவளிக்கு முதல் நாள் மாற்றுவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம், அன்றைக்கு மறக்காது.

திருகாணி

பேட்டரி மாற்றிய பிறகு ஐந்து குண்டு சுட்டுப் புள்ளியைச் சரிபாருங்கள் சார். சில பிடிகளில் பேட்டரிக்காகப் பக்கவாட்டைக் கழற்றி மாட்டும்போது ஜீரோ சற்று நகரும்.